எதிர்த்தோடும் ஆறு

மலர்க் குழுவினர் எம்மிடம் கேட்டது இலக்கியக் கட்டுரை. யாம் எழுதத் துணிந்தது பிரயாணக் கட்டுரை. இப்பிரயாணத்தின் நடுவே இக்கல்லூரியின் பழைய மாணவர் ஒருவர் நிற்கின்றார். அவருக்கு யாம் இறுக்கவேண்டிய கடன் ஒன்றும் நிற்கின்றது. அவர் படித்த கல்லூரியின் மலரிலேயே அக்கடனைத் தீர்ப்பது முறையென எண்ணுகின்றோம்.

அவர் பெயரை ஈண்டு எழுதோம். அவர் அதனை விரும்பார். ஆசிரிய கலாசாலைப் பயிற்சி முடித்து யாம் இங்கு வந்த புதிதில், பத்தாம் வகுப்பிலே எம்மிடம் தமிழ் படித்தவர். கணிதத்தில் வல்லவர், தமிழில் அத்துணை வல்லவர் அல்லர் என்பது அக்காலத்து எமது மதிப்பு. இன்று சிங்கப்பூரிலே பொறியியலாளராக இருக்கின்றார். ஊருக்கு வந்திருந்த வேளை ஒருநாள் எம் இல்லம் தேடி வந்து, "சேர், இந்த விடுமுறைக்கு என்னோட கம்போடியாவுக்கு வரவேணும். செலவு என்னுடையது" என்றார். ஆசிரியரின் சம்பளம் இன்னதென்று அறிந்தவராதலின் இரண்டாவது வாக்கியத்தையும் உடனே சேர்த்துச் சொன்னார்.

சியம் ரீப் நகரிலே தங்கினோம். 2023 ஆம் ஆண்டிலே திறக்கப்பெற்ற புதிய விமான நிலையம் நகரிலிருந்து வெகு தொலைவில் உள்ளது. வழிநெடுகிலும் வயலும் பனையுமே. அப்பனைகளைக் கண்டதும் எமக்கு ஊரை விட்டு வந்த எண்ணமே மறைந்தது. கோயில்களைக் காண்பதற்கு எமது நிழற்படம் பதித்த அனுமதிச்சீட்டுப் பெற்றோம். அறுபது வயதை அண்மிய கெமர் வழிகாட்டி ஒருவரையும் மாணவர் ஒழுங்கு செய்திருந்தார்.

முதல் நாள் வைகறையில் அங்கோர் வாட் சென்றோம். இரண்டாம் சூரியவர்மன் 12 ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலே திருமாலுக்கு எடுப்பித்த கோயில் இது. பின்னர் பௌத்தர் வழிபடும் இடமாகி, இன்றளவும் அவ்வாறே விளங்குகின்றது. நமது கோயில்களிற் பல கிழக்கு நோக்கி நிற்க, இது மேற்கு நோக்கி நிற்கின்றது. ஆதலின் கதிரவன் கோயிலின் பின்னிருந்தே எழுகின்றான். ஏறக்குறைய 190 மீற்றர் அகலமான அகழியைக் கல்வழியாற் கடந்து உட்புகுந்தோம். ஐந்து கோபுரங்கள், நடுக்கோபுரத்தின் உயரம் 65 மீற்றர். தமிழகத்திலே சேக்கிழார் பெருமான் திருத்தொண்டர் புராணம் பாடிய காலமும் இக்கோயில் எழுந்த காலமும் ஏறத்தாழ ஒன்றே என்பதை நினைந்தபோது மெய் சிலிர்த்தது.

புறச்சுற்றின் மதில்களிலே புராணமும் இதிகாசமும் கல்லில் விரிந்து கிடக்கின்றன. மேற்குச் சுற்றிலே ஒருபால் குருக்ஷேத்திரப் போர். மறுபால் இலங்கைப் போர். தெற்கிலே யமனும் சித்திரகுப்தனும் உயிர்களுக்குத் தீர்ப்பு வழங்க, 37 சுவர்க்கங்களும் 32 நரகங்களும் வரிசையாய் நிற்கின்றன. கிழக்கிலே பாற்கடல் கடையும் காட்சி. ஏறக்குறைய 49 மீற்றர் நீளம். வாசுகியை ஒருபுறம் 92 அசுரரும் மறுபுறம் 88 தேவரும் பற்றி இழுக்கின்றனர்.

யாம் வாளாவிருந்தோமல்லோம். வகுப்பறையில் நிற்பதாகவே எண்ணி, சுவருக்குச் சுவர் விளக்கவுரை நிகழ்த்தினோம். வழிகாட்டி வாய் திறக்குமுன் அவர் சொல்லவிருந்ததை யாம் சொல்லி முடித்தோம். ஈற்றிலே, "இவை எல்லாம் எங்களுடைய கதைகள்" என்றும் பெருமிதத்தோடு கூறினோம். அவர் புன்னகை செய்தார். "என் பாட்டியார் இராமன் கதையைச் சொல்லித்தான் எங்களை உறங்கவைப்பார். எங்கள் மொழியில் அதற்கு இராமகேர்த்தி என்று பெயர்" என்றார். அப்பாட்டியாரை, 1975 முதல் 1979 வரை நடந்த கெமர் ரூச் ஆட்சியிலே பட்டினிக்குப் பறிகொடுத்ததாகவும் அமைதியாகச் சொன்னார். 'எங்களுடைய' என்ற எமது சொல் எம் நாவிலேயே கசந்தது.

அந்நாட்டுக் கோயில்களைத் தமிழர் கட்டினர் என்று மேடைகளிலே பேசுவோர் நம்மிடையே உளர். யாமும் அதனைக் கேட்டுக் கைதட்டியவரே. உண்மை வேறு. கட்டுவித்தோர் கெமர் வேந்தர். கல் சுமந்தோரும் செதுக்கினோரும் கெமர் மக்கள். அவர்தம் மொழிக்கும் நம் மொழிக்கும் குடும்ப உறவில்லை. அவர்தம் எழுத்து மாத்திரம் பல்லவர் எழுத்தின் வழியில் வளர்ந்தது. அக்காலக் கல்வெட்டுகளிலே கடவுளரைத் துதிக்கும் பகுதி வடமொழியிலும், கோயிலுக்கு விட்ட நிலத்தையும் ஏவலாளரையும் கணக்கிடும் பகுதி கெமர் மொழியிலும் அமைவது வழக்கம். கடல் கடந்து வந்த சமயத்தையும் கலையையும் அவர் தமதாக்கினர். நம்மிடம் இல்லாத பலவற்றை அவற்றினின்றும் படைத்தனர்.

இரண்டாம் நாள், ஏழாம் சயவர்மனின் தலைநகரான அங்கோர் தொம்மைக் கண்டோம். வாயிலிலே தேவரும் அசுரரும் ஐம்பத்துநால்வர் ஐம்பத்துநால்வராய் நாகத்தைத் தாங்கி நிற்கின்றனர். நகரின் நடுவே பாயோன் கோயில்; எத்திசை நோக்கினும் கோபுரங்களினின்று கருணை முகங்கள் புன்முறுவலிக்கின்றன. அப்பால், அவன் தன் அன்னையின் நினைவாக 1186 இல் அமைத்த தா புரோம் விகாரை. மரங்களின் வேர்கள் அதன் கூரைகளின்மேல் மலைப்பாம்புகள்போற் படர்ந்து இறங்குகின்றன. வேரை அகற்றினாற் சுவர் விழும்; விட்டுவைத்தாலும் ஒருநாள் விழும். இந்தியத் தொல்லியற் றுறையினரும் கெமர் அறிஞரும் ஒருங்கிருந்து அதனைப் பேணுகின்றனர். அன்று யாம் விளக்கவுரை நிகழ்த்தவில்லை, கேட்டுக்கொண்டே நடந்தோம்.

மூன்றாம் நாள் பந்தேய் சிறேய் என்னும் சிவன் கோயிலுக்குச் சென்றோம். இது அரசன் கட்டியதன்று. அரசகுருவாய் இருந்த யஞ்ஞவராகர் என்னும் அந்தணர் எடுப்பித்தது. குடமுழுக்கு 967 ஆம் ஆண்டிலே நிகழ்ந்தது. மூலக்கோயிலின் உயரம் பத்து மீற்றருக்கும் குறைவு. வாயில்களோ சிறு பிள்ளையின் உயரமே. ஆயினும் செந்நிறம் படிந்த அம்மணற்கல்லிலே உளி படாத இடம் ஒரு விரற்கிடையும் இல்லை. மரத்திலே செதுக்கியதோ என ஐயுறும் நுண்மை. 1923 இல் பிரெஞ்சு எழுத்தாளர் அந்திரே மல்ரோ இக்கோயிலின் பெண் சிற்பங்களைப் பெயர்த்துக்கொண்டுபோய்ப் பிடிபட்டார்; சிற்பங்கள் மீட்கப்பட்டன. பின்னாளிலே அவர் பிரான்சின் கலாசார அமைச்சராகவும் விளங்கினார். அழகை விரும்புவோருக்கு அதனை உடைமையாக்கும் ஆசையும் உடன் எழும்போலும். அவர் கையால் எடுத்தார். யாம் முதல் நாள் வாயால் எடுத்தோம். வேறுபாடு அவ்வளவே.

நூலகம் எனப்படும் சிறு கட்டடத்தின் முகப்பிலே இராவணன் கயிலையைப் பெயர்க்கின்றான். கீழைக் கோபுரவாயிலின் முகப்பிலே சிவபெருமான் ஆடுகின்றார். பல கரங்களும் விரிந்த அக்கூத்தினைக் கண்டு கைகூப்பினோம். அப்பொழுது மாணவர் அச்சிற்பத்தின் அடியைச் சுட்டினார். அங்கே ஓர் ஓரத்திலே சிறிய பெண்ணுருவம்: வற்றிய உடல், தளர்ந்து தொங்கும் மார்பு.

"இது ஆர், சேர்?"

"பூதகணங்களில் ஒன்று" என்றோம், தயங்காது.

அவர் சிறிது நேரம் பேசவில்லை. பின்பு மெதுவாக, "நல்லாப் பாருங்கோ, சேர். நீங்கள் எங்களுக்குப் படிப்பிச்ச ஆள்தான்" என்றார்.

பார்த்தோம். காரைக்கால் அம்மையார்!

அறிஞர் பலரும் அவ்வுருவை அம்மையாரென்றே கொள்வர் என வழிகாட்டியும் எடுத்துரைத்தார். ஆண்டுகளை எண்ணிப் பார்த்தோம். சேக்கிழார் அம்மையாரின் வரலாற்றை விரித்துப் பாடுவதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கும் முன்னரே, கடல் கடந்த கெமர் நாட்டுச் சிற்பி ஒருவன் அவரை இறைவன் திருவடிக்கீழ் இருத்திவிட்டான். அவர் வேண்டிப் பெற்ற இடமும் அதுவேயன்றோ? அற்புதத் திருவந்தாதியை இருபது ஆண்டளவாய்க் கற்பித்து வருகின்றோம். அதனைப் பாடிய அம்மையாரை நேரிற் கண்டபோது பூதம் என்றோம்.

கோயிற் படியிலே அமர்ந்தோம். மாணவர் பழைய செய்தி ஒன்றை நினைவூட்டினார். கணவன் கைவிட்ட புனிதவதியார் தம் தசையை உதறிப் பேயுரு வேண்டிய பகுதியை யாம் வகுப்பிற் படிப்பித்த நாள் அது. அவர் எழுந்து, "அவ கோபத்திலேயோ சேர் அப்பிடிக் கேட்டவ? இல்லாட்டிக் கவலையிலேயோ?" என்று கேட்டாராம். பாடத்திட்டம் முடியாத அவசரத்திலே யாம், "சோதனைக்கு வராத கேள்வி கேளாதே" என்று சொல்லி, மணி அடிக்கும்வரை அவரை நிற்கவைத்தோமாம். எமக்கு அது நினைவில்லை. நிற்கவைத்தவர் மறப்பார், நின்றவர் மறவார்.

"குறை சொல்லேல்லை, சேர்" என்றார் அவர். "விடை கிடைக்காதபடியாலதான் அம்மையார் என்னோடயே இருந்தா. மூண்டு வருசத்துக்கு முந்தித் தனிய இஞ்ச வந்தனான். பாத்த உடன தெரிஞ்சுது. அண்டைக்கே உங்களைக் கூட்டிக்கொண்டு வரவேணும் எண்டு நினைச்சன்."

எம்மாற் பேச முடியவில்லை.

மீளும் வழியிலே கண்ணிவெடி நூதனசாலை ஒன்று உண்டு. தம் கையாலே கண்ணிவெடிகளை அகற்றிய அக்கி ரா என்பவர் நிறுவியது. கோயில்களைச் சூழ்ந்த காடுகளிலே போர்க்காலத்திற் புதைக்கப்பட்டவை, போர் ஓய்ந்த பின்னும் உழவரையும் சிறுவரையும் முடமாக்கின. மண்டையோடு வரைந்த சிவப்பு எச்சரிக்கைப் பலகையின் முன் யாம் இருவரும் நின்றோம். அப்பலகையின் பொருளை வன்னியிலிருந்து வந்தவருக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை. வழிகாட்டி எம்மை நோக்கினார். யாம் அவரை நோக்கினோம். "எங்களுடைய" என்று இருசாராரும் சொல்லத்தக்கது ஒன்று அங்கே இருந்தது.

இறுதி நாளிலே தொன்லே சாப் ஏரியிற் படகேறினோம். நெடுங்கால்களின்மேல் நிற்கும் வீடுகள்; அவ்வாறே நிற்கும் பள்ளிக்கூடமும் ஒன்று. அவ்வேரியை மேகோங் நதியோடு இணைக்கும் ஆறு உலகிலே விந்தையானது. கோடையில் ஏரியிலிருந்து மேகோங்குக்கு ஓடும். மாரியிலே மேகோங் பெருகி நெருக்க, திசை மாறி ஏரியை நோக்கி எதிர்த்து ஓடும். ஏறக்குறைய 2,500 சதுர கிலோமீற்றர்ப் பரப்புடைய ஏரி அப்பொழுது பன்மடங்கு விரியும். அவ்வெள்ளம் கொணரும் வண்டலும் மீனுமே அங்கோர் அரசுக்குச் சோறு அளித்தன. இன்றும் அந்நாட்டுக்கு அளிக்கின்றன. ஆறு என்றும் ஒரே திசையில் ஓடியிருப்பின் அவ்வளமும் இல்லை, அக்கோயில்களும் இல்லை.

அப்படகிலே மாணவரிடம், "தம்பி, அண்டைக்கு உம்மை நிற்கவைச்சது பிழை" என்றோம். அவர் தண்ணீரைப் பார்த்தபடி, "விடுங்கோ, சேர்" என்றார். சிறிது நேரத்தின் பின், "அப்ப விடை என்ன, சேர்?" என்று கேட்டார். தெரியாது என்றோம். அவரிடம் யாம் அச்சொல்லைச் சொன்னது அதுவே முதற்றடவை. பின்பு கரைசேரும்வரை அக்கேள்வியையே இருவரும் பேசிக்கொண்டிருந்தோம்.

கற்பித்தல் ஆசிரியரிடமிருந்து மாணவருக்கு ஒரு திசையிலே பாயும் ஆறென்று கலாசாலையிலிருந்து வந்த நாளிற் கருதினோம். எதிர்த்தோடும் பருவமும் அதற்கு உண்டென்று அவ்வேரியிலே கண்டோம். ஊர் திரும்பியபின், ஒவ்வொரு பாடவேளையிலும் ஈற்று ஐந்து நிமிடங்களைச் சோதனைக்கு வராத கேள்விகளுக்கு ஒதுக்கி வருகின்றோம். சென்ற தவணையிலே பின்வாங்கில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்து, அம்மையாரைப் பற்றி ஏறத்தாழ அதே கேள்வியைக் கேட்டான். அவனை இருக்கச் சொல்லிவிட்டு, யாம் நின்றுகொண்டே அவனோடு பேசினோம்.

இம்மலரைப் படிக்கும் இளைய மாணவர்காள், கேளுங்கள். பழைய மாணவர்காள், நீவிர் கேட்டு யாம் விடை தாராத கேள்வி ஏதேனும் இருப்பின் எடுத்துக்கொண்டு வாருங்கள். கல்லூரி வாயில் திறந்தே இருக்கின்றது.