சோல் ஷீட்டுத் தவளை

கட்டிலுக்கு அடியிலிருந்து ஓர் அரிசி மூட்டையை இழுத்துத் தரையில் கொட்டினார். கறுப்பிலும் வெள்ளையிலும் சோல் ஷீட்டுத் துண்டுகள், இன்சோலுக்கு வெட்டியது போக மிஞ்சிய மெத்தை, விரல் அகலத் தோல் கீற்றுகள், இரண்டு பழைய ஹவாய் செருப்பு. வெளியே போட்டால் குப்பை வண்டிகூட முகம் சுளிக்கும். "இதுல இன்னும் அறுபது தவள கீது சார்" என்றார்.

திருப்பத்தூர் மாவட்டம், வாணியம்பாடி வட்டத்தில் ஜவ்வாது மலை அடிவாரப் பேரூராட்சி ஆலங்காயம். வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் இதைக் காவலூர் வானாய்வகத்துக்குப் போகும் வழி என்றே அறிவார்கள். 1986-இல் அங்கே திறக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கியைப் பார்க்க மலையேறுகிறவர்கள் இங்கே டீ குடிக்க நிற்பதோடு சரி. ஊருக்குச் சோறு போடுவதில் பெரும்பங்கு கீழே வாணியம்பாடி, ஆம்பூரில் உள்ள தோல் பதனிடும் ஷாப்புகளுக்கும் ஷூ கம்பெனிகளுக்கும் உண்டு. நான் பார்க்கப் போனவரும் கட்டிங் செக்‌ஷன் ஆள்தான். ஞாயிறு தவிர மற்ற நாளில் அவரை வீட்டில் பிடிக்க முடியாது.

அவர் சொன்ன தவளை ஒரு லூர். தூண்டிலில் புழுவுக்குப் பதில் மாட்டும் போலி இரையை மீன் பிடிப்பவர்கள் அப்படித்தான் அழைப்பார்கள். விரால் பிடிப்பவர்களுக்கு லூர் என்றாலே தவளைதான். உயிர்த்தவளையை முள்ளில் குத்தி, மூங்கில் கழியால் அல்லி இலைகளுக்கு நடுவே தொட்டுத் தொட்டு எடுப்பது பழைய முறை. இவருடைய அப்பா அப்படித்தான் பிடித்தாராம். மகனுக்கு அந்தக் குத்துகிற வேலை பிடிக்கவில்லை. கடையில் ரப்பர்த் தவளை வாங்கினார். முதல் விரால் கடித்ததிலேயே அதன் வயிறு கிழிந்து தண்ணீர் புகுந்துவிட்டது. கிழிந்ததைப் பிரித்துப் பார்த்தவருக்கு, தினமும் கையில் புழங்கும் சரக்குதானே இது என்று தோன்றியிருக்கிறது.

வேலையைத் தொடங்கினார். ஷீட்டில் ஓர் அட்டையை வைத்துப் பேனாவால் கோடு போட்டார். நடுவிரல் நீளம், மூக்குப் பக்கம் கூர், பின்பக்கம் பருமன். வெட்டியது இரண்டு துண்டு. வயிற்றுக்குக் கெட்டியான சோல் ஷீட், முதுகுக்கு மெத்து மெத்தென்ற இன்சோல் ஷீட். ஏன் இரண்டு விதம் என்று கேட்டேன். இரட்டை முள்ளின் நுனி தவளையின் முதுகில் படிந்து கிடக்க வேண்டும். அப்போதுதான் ஆகாயத்தாமரை மேல் இழுத்தாலும் சிக்காது. விரால் வாயை மூடும்போது முதுகு அமுங்கணும், முள் வெளியே வரணும். முழுக்கக் கெட்டி ஷீட்டில் செய்தால் மீன் கடித்துவிட்டுத் துப்பிவிடும். முழுக்க மெத்தையில் செய்தால் நாலு கடிக்கு மேல் தாங்காது.

சைக்கிள் ஸ்போக்கை வளைத்து நடுவில் ஓடவிட்டு, இரு துண்டின் உட்பக்கத்திலும் சொல்யூஷன் தடவினார். தடவிவிட்டுச் சும்மா உட்கார்ந்தார். நான் அவசரப்பட்டு, ஒட்டலாமே என்றேன். சிரித்தார். விரலை வைத்தால் பிசுக்கென்று இழுக்கக் கூடாது, அதுவரை காய வேண்டும். ஈரத்தோடு அமுக்கினால் ஓரம் பிடிக்கும், உள்ளே பிரியும். சோல் பிரிந்த ஷூவைப் பார்த்திருப்பீர்களே, பாதி அந்த அவசரம்தான் என்றார். காய்ந்த பிறகு இரண்டையும் ஒருமுறைதான் சேர்த்து வைக்கலாம், நகர்த்த முடியாது. ஓரம் பார்த்து வைத்து, கட்டைவிரலால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக அழுத்திக்கொண்டே போனார். பிளேடால் செதுக்கி உப்புத்தாளில் தேய்க்க, பத்து நிமிடத்தில் விளிம்பு தெரியாமல் தவளை உடம்பு வந்துவிட்டது.

பின்னங்கால்தான் இந்த ஊருக்கே உரிய பகுதி. கடைத் தவளைக்கு ரப்பர் நூல் கட்டியிருப்பார்கள். இவர் தோல் கீற்று கட்டுகிறார். முதலில் ஆவாரம்பட்டையில் பதப்படுத்திய தோலைக் கட்டிப் பார்த்திருக்கிறார். அது தண்ணீரில் பழுப்புச் சாயம் விட்டது. காய்ந்ததும் விறைத்துக் குச்சியானது. குரோம் தோல் ஊறினாலும் துவளும். அதிலும் லைனிங்குக்கு வரும் மெல்லிய ஆட்டுத்தோல் என்றால் இழுக்கும்போது நீந்துகிற கால் மாதிரியே விரிந்து சுருங்கும். மாதம் ஒருமுறை இரண்டு சொட்டு விளக்கெண்ணெய் தடவினால் போதுமாம். சென்னையில் 1900-களின் தொடக்கத்தில் குரோம் பதனிடுதலைப் புகுத்தப் பாடுபட்ட ஆல்ஃபிரட் சாட்டர்டன் இந்தப் பயனை நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்.

காலை உடம்போடு இணைக்கும் தையல் அவருடையது அல்ல, மனைவியுடையது. இந்தச் சுற்றுவட்டாரத்தில் பெண்கள் பலர் ஷூவின் மேல்தோலை வீட்டிலேயே கையால் தைத்துக் கொடுக்கிறார்கள். ஜோடிக் கணக்கில் கூலி. அந்த அம்மா வாசற்படியில் உட்கார்ந்து கம்பெனி ஜோடியைத் தைத்துக்கொண்டிருந்தார். கணவர் தவளையை நீட்டியதும் ஊசியை மாற்றாமலே நாலு குத்துக் குத்தி, முடிச்சை உள்ளே இழுத்து மறைத்துத் திருப்பிக் கொடுத்தார். "இதுக்கு மட்டும் கூலி இல்ல, பாத்துக்கோங்க" என்றார் என்னிடம்.

கம்பெனியில் கட்டிங் ஒருவர், ஸ்கைவிங் ஒருவர், தையல் ஒரு வரிசை, லாஸ்டிங் ஒரு வரிசை, சோல் ஒட்டுவது வேறு வரிசை. இவர் டை வைத்து பிரஸ்ஸை இறக்குகிறார், துண்டு விழுகிறது, அடுத்த துண்டு. இத்தனை வருடத்தில் ஒரு ஷூவைக்கூடத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை அவர் செய்ததில்லை. தாமே வெட்டிய தோல் எந்த நாட்டில் யார் காலில் கிடக்கிறது என்றும் தெரியாது. தவளை அப்படியில்லை. கோடு போடுவதிலிருந்து மீன் வாய்க்குள் போவதுவரை கண்முன் நடக்கிறது. பிசகினால் எங்கே பிசகியது என்று அன்றைக்கே தெரிந்துவிடும். பொழுதுபோக்கு என்று நாம் லேசாகச் சொல்லிவிடுகிறோம். எனக்கென்னவோ அவர் வேலை பார்ப்பதே ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் என்று பட்டது.

கையில் கிடைத்ததைக் கொண்டு லூர் செய்தவர்கள் உலகெங்கும் உண்டு. ஃபின்லாந்து மீனவர் லௌரி ரபாலா 1936-இல் தக்கையைச் செதுக்கி, சாக்லேட் சுற்றிய வெள்ளித்தாளை ஒட்டி, புகைப்பட நெகட்டிவை உருக்கி மேலே பூசினார். அடிபட்ட சிறுமீனின் கோணல் நீச்சலைத்தான் பெரிய மீன் குறிவைக்கிறது என்று கவனித்து, அந்தக் கோணலைத் தக்கையில் கொண்டுவந்தார். இன்று அவர் பெயரில் உலகம் முழுக்க லூர் விற்கிறது. லட்சத்தீவின் மினிக்காயில் சூரை பிடிப்பவர்கள் இன்னும் எளிமை: பளபளக்கும் வெறும் முள்தான், கொக்கி நாக்குகூடக் கிடையாது. உயிர்க்குஞ்சுகளைக் கடலில் வீசி மீனை வெறியேற்றிவிட்டால் அது மின்னுவதையெல்லாம் கடிக்கும்.

விராலை வெறியேற்ற வேறு வழி. "அது பசிக்குக் கடிக்கிறதவிட கோவத்துக்குக் கடிக்கிறதுதான் ஜாஸ்தி சார்." குஞ்சு பொரித்த விரால் அவற்றை விட்டு நகராது. செம்மஞ்சள் நிறக் குஞ்சுகள் கூட்டமாக மேலே வந்து நீர்ப்பரப்பைக் கொப்பளிக்கும். அதன்மேல் தவளையைப் போட்டால் தாய் தகப்பன் இரண்டில் ஒன்று கட்டாயம் பாயும். சுலபமான மீன். இவர் அந்த இடத்தில் போடுவதில்லை. பெரியதை எடுத்துவிட்டால் குஞ்சுகளைக் கெளுத்தி முடித்துவிடும், அடுத்த வருடம் எதைப் பிடிப்பது என்கிறார். மற்றவர்கள் போடுகிறார்கள், அவர்கள் பிடித்த மீனின் படங்கள் போனில் வரும்போது வாய்க்கு வந்தபடி திட்டுகிறார்.

கொல்லையில் அலுமினிய அண்டா நிறையத் தண்ணீர். தவளை மிதந்தது, ஆனால் இடப்பக்கம் சாய்ந்தது. எடுத்து, வாலருகே துளைத்த குழிக்குள் சைக்கிள் பால்ரஸ் ஒன்றைத் திணித்து, வலப்பக்கமாக நகர்த்தி மறுபடி போட்டார். மூக்கு மேலே, வால் கீழே, சாய்வாக உட்கார்ந்தது. ஈயம் வைத்தால் வேலை சுலபம். ஆனால் வீட்டில் சின்னப் பிள்ளை இருப்பதால் ஈயம் உருக்குவதை விட்டுவிட்டாராம். பிரிட்டனில் அன்னப்பறவைகள் தூண்டில் ஈயத்தை விழுங்கிச் செத்ததால் 1987-இல் பெரும்பாலான ஈய எடைகளைத் தடைசெய்தார்கள் என்றேன். "வாத்துக்கே அப்டின்னா!" என்றார். கடைசியில் பெண்கள் வைக்கும் ஸ்டிக்கர் பொட்டு இரண்டு, கண்ணாக. கீழேயிருந்து பார்க்கும் விராலுக்குத் தெரிவது வயிற்றின் நிழல்தானே, கண் எதற்கு? "அது மீனுக்கு இல்ல, எனக்கு."

சாயங்காலம் மலையடிவார ஏரிக்குப் போனோம். பாலாற்றங்கரைப் பக்கம் அவர் தூண்டில் எடுத்துப் போவதில்லை. பாலாற்றில் கலந்த தோல் கழிவு பற்றிய வேலூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்புச் சொல்லி, மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற நெறியை இந்தியச் சட்டத்தில் நிறுத்தியது. அதற்குப் பிறகும் அந்தத் தண்ணீரின் மீனைத் தின்ன இவருக்கு மனசு வரவில்லை. தானும் அதே தோலில்தான் பிழைக்கிறேன் என்பதையும் அவரே சொல்லிவிட்டார்.

தவளை அல்லி இலை மேல் விழுந்தது. இலையிலிருந்து தண்ணீருக்கு நழுவவிட்டு, நிறுத்தி, மறுபடி சுண்டினார். தொபுக்கென்று தண்ணீர் பிளந்தது, தவளையைக் காணோம். உடனே இழுக்காமல், மனசுக்குள் எண்ணி, தூண்டில் நரம்பு விறைத்த பிறகுதான் கழியை அடித்தார். முக்கால் கிலோ இருக்கும். முதுகுப்பக்கம் அமுங்கி, இரண்டு முள்ளும் மேலுதட்டில் ஏறியிருந்தன.

சத்தம் கேட்டு ஏரியைக் குத்தகைக்கு எடுத்தவர் கரையில் வந்து நின்றார். மீனைப் பார்க்கவில்லை. தவளையை வாங்கி அமுக்கிப் பார்த்தார், தையலைத் தடவினார்.

"எவ்ளோப்பா இது?"

"விக்கிறதில்லண்ணா."

"அப்ப அடுத்த வாரம் இந்தப் பக்கம் வராத."

இவர் ஒன்றும் பேசாமல் நரம்பைப் பல்லால் கடித்து அறுத்து, தவளையை அவர் சட்டைப்பையில் போட்டுவிட்டார்.