ஆண்டாப் ஹில்லில் நம் வாழ்வு

ஊரிலுள்ளோர் கேட்டால் கடலோர நகரில் வாழ்கிறோம் என்கிறோம். ஆயினும் ஆண்டாப் ஹில்லில் மணற்பரப்பில்லை, அலையோசையில்லை. கிழக்கே உப்பளமும் சேறும் அலையாத்திக் காடும். அவற்றுக்கு அப்பால்தான் கடல். உப்புக் காற்றும் மீன்கூடையுமே அதனை நமக்கு அறிவிக்கின்றன.

1925-ஆம் ஆண்டில் இந்தியாவின் முதல் மின்சார ரயில் ஓடிய துறைமுக வழித்தடம் நம் பக்கமாகவே செல்கிறது. அதிலுள்ள குரு தேக் பகதூர் நகர் நிலையத்துக்கு முன்னாளில் கோலிவாடா என்று பெயர். கோலி மீனவர் குடியிருப்பு என்பது பொருள். 1947-இல் நாடு பிரிந்தபின் பஞ்சாப் அகதிகள் அங்கே குடியமர்ந்தனர். இவ்விரு சாராரிடையே நாமும் பிழைப்பு நாடி வந்து சேர்ந்தோம்.

மாட்டுங்காவில் வாழையிலை முதல் அப்பளம் வரை தமிழிலேயே கேட்டு வாங்கலாம். ஆதலால் பத்தாண்டு இருந்தும் மராத்தி அறியாதவர் நம்முள் உண்டு. மீன் விற்கும் கோலிப் பெண்மணியோ நம் இல்லத்தரசிகளிடமிருந்து வஞ்சிரம், வவ்வால் என்னும் பெயர்களைக் கற்றுக்கொண்டுவிட்டார். சுர்மை, பாப்லேட் என்று அவர் மொழியில் கேட்க நமக்கு ஏன் தயக்கம்?

நம்முள் பலர் வாழ்வது அரசாங்கக் குடியிருப்பில். ஓய்வு பெற்றதும் சாவியை ஒப்படைக்க வேண்டும். நாம் ஊர் திரும்பினும் பிள்ளைகள் பலர் இங்கேயே பிழைப்பர். அவர்களுக்கு நாம் விட்டுச் செல்லக்கூடியது வீடன்று. அண்டை அயலாரோடு கலந்து பழகும் உறவே. தமிழை வீட்டில் வளர்ப்போம். மராத்தியை வாசலில் கற்போம்.