சதுர அடிக்குள் எது அடங்கும்?

பாதத்தின் பெயரால் வழங்கும் 'ஃபுட்' என்னும் ஆங்கில அளவையை, 1959-இல் பிரிட்டனும் அமெரிக்காவும் உள்ளிட்ட நாடுகள் 30.48 சென்டிமீட்டர் என ஒருமைப்படுத்தின. இந்தியாவோ 1956-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே மெட்ரிக் முறையை ஏற்றுவிட்டது. ஆயினும் வீடு வாங்குவோர் பேச்சில் இன்றும் வாழ்வது சதுர அடியே.

சிக்கல் அளவையில் இல்லை. எது அளக்கப்படுகிறது என்பதில் உள்ளது. மாடிப்படி, மின்தூக்கி, பொது நடைவழி ஆகியவற்றின் பங்கையும் சேர்த்தே நெடுங்காலம் விலை கூறப்பட்டது. 1,000 சதுர அடிக்குக் கடன் பெற்றவர், குடியேறும் நாளில் கட்டிலுக்கு இடம் தேடி நிற்பார். வெளிச்சுவரை விலக்கி, உட்சுவரைச் சேர்த்து, 'கார்பெட் ஏரியா'வை 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டம் வரையறுத்தது. ஒப்பந்தத்தில் அந்தச் சொல்லுக்கு எதிரே உள்ள எண்ணே வாங்குபவருக்குரிய வீடு.