பால் சொசைட்டிக்குப் போகும் வழி

"மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வா" என்று கிராமத்தில் ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள். என் காதில் அது பல வேலைகளாக விழும். வாளி எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும். எவ்வளவு மொண்டால் சிந்தாமல் தூக்கலாம் என்று கை அறிய வேண்டும். மாட்டின் பின்பக்கம் போகாமல் முன்னால் போய் வைக்க வேண்டும், அது குடித்து முடிக்கிறவரை நிற்க வேண்டும், வாளியைக் கொண்டுவந்து பழைய இடத்தில் கவிழ்க்க வேண்டும். அறிவுசார் குறைபாடுள்ள பெரியவர்களுக்கு அவர்கள் வீட்டிலேயே வேலை பழக்குவது என் தொழில். ஒரு வேலையை எங்கே உடைப்பது என்று கண்டுபிடிப்பதிலேயே பாதித் தொழில் அடங்கிவிடுகிறது.

திருவண்ணாமலை மாவட்டத்தில் செங்கம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஒருவர் இருக்கிறார். வயது 40-ஐ நெருங்குகிறது. வீட்டில் அவரும் அம்மாவும்தான். இரண்டு கறவை மாடுகள். பள்ளிக்கு வர முடியாத பிள்ளைகளுக்கு அரசின் வீட்டுவழிக் கல்வி உண்டு. சிறப்பாசிரியர் வீடு தேடி வருவார். 18 வயதோடு அது நின்றுவிடும். அதற்குப் பிறகு திண்ணைதான். தொழிற்பயிற்சி மையங்கள் நகரத்தில் இருக்கின்றன. மெழுகுவர்த்தியும் காகித உறையும் செய்யக் கற்றுத்தருகிறார்கள். அந்த மெழுகுவர்த்தியை இந்தக் கிராமத்தில் யார் வாங்குவார்கள்? இவர் வீட்டில் மாடு இருக்கிறது. ஊரில் பால் சொசைட்டி இருக்கிறது, காலையும் மாலையும் தவறாமல் திறக்கிறது. நேரமும் வழியும் மாறாத வேலை இவர் போன்றவர்கள் கையில் நன்றாக நிற்கும். நகரத்தில் அப்படி ஒரு வேலையைத் தேடி அலைய வேண்டும். கிராமத்தில் அது வாசலிலேயே கிடக்கிறது.

பால் கேனை சொசைட்டிக்குக் கொண்டுபோகப் பழக்கினோம். இதை வீட்டு வாசலிலிருந்து தொடங்கக் கூடாது. வாசலில் தொடங்கினால் பாதி வழியில் சோர்ந்தோ பயந்தோ நின்றுவிடுவார். 'முடியவில்லை' என்பதுதான் அன்றைய பாடமாக மனதில் தங்கும். அதனால் கடைசியிலிருந்து வந்தோம். சொசைட்டி வாசல்வரை அம்மா கேனைத் தூக்கிவருவார். உள்ளே எடுத்துப்போய் அளக்கிறவர் முன்னால் வைத்து, பால் அட்டையை நீட்டுவது மட்டும் அவர் வேலை. அது பழகியதும் மாரியம்மன் கோயில் திருப்பத்திலிருந்து. பிறகு அடிபம்பிலிருந்து. ஒவ்வொரு நாளும் அவர் வேலையை முடித்தவராகவே வீடு திரும்பினார். 'கொண்டுவந்துட்டியா' என்று சொசைட்டிக்காரர் கேட்கும் அந்த ஒரு கேள்வி, நான் தரக்கூடிய எந்தப் பாராட்டையும்விட அவரை மறுநாள் எழுப்பியது.

கூடப் போகிறவர் விலகுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. முதலில் கையோடு கை, பிறகு பக்கத்தில், பிறகு பின்னால், பிறகு கண்ணுக்குத் தெரியும் தூரத்தில். வாயால் சொல்வதைக் கடைசியாகத்தான் நிறுத்துவோம் என்று நினைப்பார்கள். உண்மையில் அதைத்தான் முதலில் குறைக்க வேண்டும். 'இப்ப திரும்பு, இப்ப வையி' என்று சொல்லிக்கொண்டே போனால், அந்தக் குரலும் வேலையின் ஒரு பகுதியாகிவிடும். குரல் இல்லாத நாளில் அவர் திருப்பத்திலேயே நின்றுகொண்டிருப்பார். குரலுக்குப் பதிலாக இடமே சொல்ல வேண்டும். தீவனம் கலக்கும் வாளியில் சிவப்புப் பெயின்ட்டில் ஒரு கோடு போட்டோம்: தவிடு அதுவரைக்கும். மல்லாட்டைப் புண்ணாக்குக்குத் தனியாக ஒரு டப்பா, நிரம்ப ஒன்று. எண்ணத் தெரிய வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று.

இதில் எல்லாம் பெரிய தடை அன்புதான். அவர் கேனின் மூடியோடு போராடிக்கொண்டிருக்கும்போது அம்மாவின் கை தானாக நீளும். 'பாவம் டீச்சர், நானே தெறந்துடறேனே' என்பார். அந்த நேரத்தில் காத்திருப்பது தாய்க்கு எவ்வளவு கடினம் என்று பார்த்திருக்கிறேன். ஆனாலும் அந்த மூடியை அவர் திறந்தே ஆக வேண்டும்.

ஒருசமயம் அவர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டார், தன் கன்னத்தில் தானே அறைந்துகொண்டார், கொட்டகைப் பக்கமே போகவில்லை. முனி அடித்திருக்கிறது என்றார்கள். கொஞ்சநாள் கட்டிவைக்கச் சொல்லி உறவுக்காரர் ஒருவர் யோசனை சொன்னார். ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் இறந்த பிறகும் அந்த யோசனை ஊர்களில் சாகவில்லை. மனநோய் வேறு, அறிவுசார் குறைபாடு வேறு என்பதும் பலருக்குத் தெரியாது. மனநோய் எந்த வயதிலும் வரலாம், மருந்தால் தணியலாம். இது வளரும் பருவத்திலேயே இருப்பது, பழக்கத்தால் மேம்படுவது. இருவரையுமே கட்டக் கூடாது. வலியைச் சொல்லத் தெரியாதவர் நடத்தையில்தான் அதைச் சொல்வார். அதனால் பல், காது, வயிறு என்று முதலில் உடம்பைப் பார்ப்போம். இவருக்குக் கடைவாய்ப்பல் சொத்தை. பல்லைப் பிடுங்கியதும் அறைந்துகொள்வது நின்றது. வலிப்பு உள்ளவர்களும் இவர்களில் அதிகம். மாத்திரை தீர்ந்துபோய் இரண்டு நாள் இடைவெளி விழுந்தாலும் வலிப்பு திரும்பலாம், அது கைப்பிடிச் சுவரில்லாத கிணற்றடியில் வந்தால் உயிரே போய்விடும். வேலையைத் தேர்ந்தெடுக்கும்போது கிணறும் அடுப்பும் எங்கே இருக்கின்றன என்று நான் பார்ப்பது இதனால்தான்.

வேலை பழகியவுடன் இன்னொரு சிக்கல் வந்தது. பக்கத்து வீட்டார் தங்கள் கொட்டகையையும் கூட்டச் சொன்னார்கள். சாணியள்ளி எருக்குழியில் கொட்டி முடித்தால் இட்லி கிடைக்கும். அவருக்கு அது சந்தோஷமாகத்தான் இருந்தது. நான் போய்ப் பேசினேன். "அவனுக்குக் காசு எதுக்கு டீச்சர், அவன் என்ன பண்ணப்போறான்?" என்றார் அந்த வீட்டுக்காரர். நூறு நாள் வேலையில் மாற்றுத்திறனாளிகள் நான்கு மணி நேரம் வேலை செய்தால் முழுக் கூலி என்று தமிழக அரசு 2012-இல் ஆணை போட்டது. அரசு ஒப்புக்கொண்ட நியாயத்தை அடுத்த வீட்டுக்காரர் மறுக்கலாமா? இப்போது கூலி அவர் கையிலேயே கொடுக்கப்படுகிறது. டீக்கடையில் நின்று தன் காசில் டீ குடிக்கிறார். கடைக்காரப் பையன் 'அண்ணே, சக்கரை தூக்கலாவா?' என்று கேட்கிறான். அதுவரை ஊரில் சின்னப் பிள்ளைகள்கூட அவரை வாடா போடா என்றுதான் கூப்பிட்டார்கள்.

"எனக்கப்புறம் யாரு?" என்ற அம்மாவின் கேள்விக்குச் சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது. 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழு ஒருவரைப் பாதுகாவலராக நியமிக்கலாம். பாதுகாவலரானவர் ஆறு மாதத்துக்குள் சொத்து விவரத்தையும், பிறகு ஆண்டுதோறும் வரவுசெலவுக் கணக்கையும் கொடுக்க வேண்டும். கைநாட்டு வாங்கி நிலத்தை எழுதிக்கொள்ளும் உறவுகளிடையே இந்த விதி பெரிய காவல். மாதம் வரும் 2,000 ரூபாய் உதவித்தொகையும் கணக்குக்குள் நிற்கும். விண்ணப்பத்தில் அவருடைய தங்கையின் பெயரை எழுதியிருக்கிறோம். அவள் கேட்டு வாங்கிக்கொண்ட பொறுப்பு.

ஆனால் தங்கை வாழ்வது வேறு ஊரில். ஒரு ஊரில் பழகியது இன்னொரு ஊருக்குத் தானாக வராது. வாளி மாறினாலே இவருக்கு வேலை புதிதாகிவிடும். அம்மா இறந்த துக்கத்தோடு புது வீட்டில் புது வேலையையும் சுமக்கவைப்பது கொடுமை. எனவே அம்மா திடமாக இருக்கும்போதே அவ்வப்போது அங்கே போய்த் தங்குகிறார், சிலசமயம் அம்மாவும் கூட வருகிறார். தங்கை வீட்டு வாளியிலும் சிவப்புக் கோடு போட்டாயிற்று. அங்கே சொசைட்டிக்குப் போக லாரி ஓடும் சாலையைக் கடக்க வேண்டியிருக்கிறது. இப்போதைக்குத் தங்கையின் மகன் கேனைச் சாலைக்கு அந்தப்புறம்வரை கொண்டுவந்து கொடுக்கிறான். அங்கிருந்து சொசைட்டிவரை மாமா தனியாகப் போகிறார்.