விசிலும் மணலும்

உடற்கல்வி ரீச்சர் என்றால் கழுத்தில் விசில், கையில் தடி, தொண்டை நிறையச் சத்தம். எங்கள் பக்கத்தில் இப்படித்தான் நினைப்பார்கள். நகரத்துப் பெண்கள் பாடசாலையொன்றில் ஆறு வருடங்கள் நானும் அப்படித்தான் நின்றேன். அது என் குணமல்ல. ஒரு வகுப்பில் 42 பிள்ளைகள், 40 நிமிடப் பாடவேளை, நான்கு வலைப்பந்துகள், மைதானத்தின் மறுபாதியில் இன்னொரு வகுப்பு. கையை வீசும் பயிற்சியில் ஒருத்தி பிந்தினாலே அடுத்தவளின் முகத்தில் கை படும். இல்ல மெய்வல்லுநர் போட்டி நெருங்கினால் அதிபருக்குப் பதக்கக் கணக்கு வேண்டும். நன்றாக ஓடும் பத்துப் பேர் ஓட, மற்றவர்கள் வேப்பமர நிழலில் இருந்து கை தட்டுவார்கள்.

பயிற்சிக் காலத்தில் மொஸ்ரன் என்ற அறிஞரைப் பற்றிப் படித்திருந்தோம். உடற்கல்வி கற்பிக்கும் முறைகளை அவர் 1966இல் ஒரு நூலில் வரிசைப்படுத்தினார். ஒரு முனையில் ஆசிரியரே எல்லாவற்றையும் தீர்மானிக்கும் கட்டளை முறை. அங்கிருந்து தீர்மானங்கள் படிப்படியாகப் பிள்ளைகளின் கைக்குப் போகும். பரீட்சைக்கு எழுதியதோடு அது முடிந்தது என்றிருந்தேன்.

பிறகு கரையோரக் கிராமமொன்றுக்கு இடமாற்றம். தரம் 8இல் ஆணும் பெண்ணுமாக 14 பேர். மைதானம் முழுக்க மணல். ஒரேயொரு பந்து. அங்கே விசிலுக்கு வேலையில்லை. சும்மா பேசினாலே கேட்கும். மணலில் பந்து எழும்பாதுதான். ஆனால் வலைப்பந்தில் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுவதில்லையே. மூன்று விநாடிக்குள் எறிந்துவிட வேண்டும். பழைய சேலைத் துணியைச் சுற்றி இன்னும் ஆறு பந்துகள் கட்டினோம். ஏழு சோடிகள். ஒருவர் எறிய, மற்றவர் பார்த்துத் திருத்த வேண்டும். நான் பேசுவது பார்ப்பவரோடு மட்டும்.

பெரிய பிள்ளையான பிறகு ஒருத்தி உடற்கல்விப் பாடத்துக்கு வருவதையே விட்டிருந்தாள். எப்போதும் வயிற்றுவலி. பெடியன்கள் பார்க்கிறார்கள் என்ற கூச்சம்தான் உண்மைக் காரணம். "பார்க்க மட்டும் வா" என்றேன். வந்தாள். தோழியிடம், "முழங்கையை மடக்காதையடி" என்று அதட்டினாள். மூன்று கிழமையில் தானே எறிந்தாள்.

தாய் வந்தா. "விளையாடி என்ன காணப்போறாள் ரீச்சர்?" புன்னாலைக்கட்டுவன் தர்ஜினி சிவலிங்கத்தைச் சொல்லியிருக்கலாம். 2009, 2018, 2022ஆம் ஆண்டுகளில் ஆசியக் கிண்ணம் வென்ற இலங்கை அணிகளில் ஆடியவர். ஆனால் எல்லாப் பிள்ளைகளும் அவ்வளவு உயரமா? "அவளுக்கு இப்ப வயிற்றுவலி வாறதில்லை அம்மா" என்றேன். நீளக் காற்சட்டை போடலாம் என்றதும் தாய் சம்மதித்தா.

மேற்பார்வைக்கு வந்தவர் அரை மணித்தியாலம் நின்றுவிட்டு, சம்பவத் திரட்டுப் புத்தகத்தில் "வகுப்பில் ஒழுங்கு குறைவு" என்று எழுதிப் போனார். பிள்ளைகள் வரிசையில் நிற்கவில்லையாம். அன்று 14 பேரில் ஒருவரும் நிழலில் இருக்கவில்லை. அதை அவர் எழுதவில்லை.