கையா, மவுஸா?

புது லேப்டாப்பைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் சேர்த்துவைத்த பணத்தில் வாங்கி அனுப்பியது. பழையதில் பாதி எழுத்துகள் தேய்ந்துபோய், பேட்டரியும் செத்து, கரண்ட் போனால் அதுவும் போய்விடும். அதை வைத்துக்கொண்டு நான் மெய்ப்பு பார்ப்பதைக் காண அவளுக்குப் பொறுக்கவில்லை. "இனிமே நெட் பறக்கும்பா" என்றாள். பறக்கவில்லை. பழையதில் நிதானமாக வந்து சேர்ந்த கோப்புகள் புதியதில் பாதியில் நின்றன. பதிப்பகத்தார் வீடியோ காலில் கூப்பிட்டால் அவர்கள் முகம் உறைந்துபோய், குரல் மட்டும் துண்டு துண்டாக வரும்.

"எப்படிப்பா இருக்கு?" என்று மகள் கேட்கும்போதெல்லாம் "பிரமாதம்மா" என்றுதான் சொல்லிவந்தேன். அவள் வீடியோவில் வந்தால் செல்போனில் பேசிவிடுவேன். லேப்டாப்பில் பேசினால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

எங்கள் வீடு கும்பகோணத்தில் பழைய ஓட்டு வீடு. தெருவைப் பார்த்த கூடத்தில் ரௌட்டர். கூடத்துக்கும் முற்றத்துக்கும் பின்னால் என் அறை. நடுவில் இருப்பவை ஒன்றரைச் செங்கல் கனத்துச் சுவர்கள். ரௌட்டரும் இரும்பு பீரோவுக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாத இடத்தில்தான் உட்கார்ந்திருந்தது. உலோகம் ரேடியோ அலையைத் திருப்பி அடித்துவிடும். வைஃபை பெட்டியை மறைத்துவைப்பது அழகு என்று நம் வீடுகளில் யார் முடிவு செய்தார்களோ தெரியவில்லை.

முதலில் இணைய இணைப்பு கொடுத்தவர்களிடம் புகார் சொன்னேன். வந்த தம்பி ரௌட்டர் பக்கத்தில் நின்று தன் செல்போனில் வேகம் பார்த்தார். 100 மெகாபிட் திட்டத்தில் கிட்டத்தட்ட முழுசாக வந்தது. "லைன் கிளீனா இருக்கு சார், லேப்டாப்பப் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோனேன். அங்கே அவர்கள் வைஃபையில் அது அம்பாகப் பாய்ந்தது. "லேப்டாப்ல ஒண்ணுமில்ல சார், உங்க வீட்டு ரௌட்டரப் பாருங்க." ஒருவர் மேல் ஒருவர் பழி போடுகிறார்கள் என்று எனக்குக் கோபம். இரண்டு பேர் சொன்னதும் உண்மை என்பது அப்போது தெரியாது.

வீட்டிலும் சோதித்தேன். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்குப் போனால் பிரச்சினையே இல்லை. அறைக்குத் திரும்பினால் மறுபடி பழைய கதை. சுவர்தான் காரணம் என்று தீர்ப்பு எழுதிவிட்டேன். ஆனால் அதே அறையில், கட்டிலில் உட்கார்ந்து செல்போனில் படம் பார்த்தால் தடங்கலே இல்லை. பழைய லேப்டாப்பும் அதே மேஜையில்தானே ஓடிக்கொண்டிருந்தது? இந்தக் கேள்விகளை நான் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டால் புது லேப்டாப்பில்தான் கோளாறு என்று வந்து நிற்குமோ என்ற பயம்.

இதற்கு நடுவே வேறொன்று நடந்தது. அதை வீட்டில்கூடச் சொல்லவில்லை.

திரையில் அம்புக்குறி துள்ள ஆரம்பித்தது. ஒரு காற்புள்ளியின் மேல் கொண்டுபோய் வைக்கப் பார்ப்பேன். நகராமல் நிற்கும், பிறகு திடீரென்று இரண்டு சொல் தாண்டிக் குதிக்கும். மவுஸுக்கு பேட்டரி மாற்றினேன். துணி விரித்து அதன்மேல் ஓட்டிப் பார்த்தேன். பிறகு மவுஸைப் பார்ப்பதை விட்டுவிட்டு என் கையைப் பார்க்க ஆரம்பித்தேன். என் அப்பாவுக்கு அறுபது தாண்டியதும் நடுக்குவாதம் வந்தது. முதலில் காபி டம்ளரில்தான் தெரிந்தது. எனக்கும் அந்த வயது வந்துவிட்டது. மனைவி தூங்கிய பிறகு பழைய செய்தித்தாளின் ஓரங்களில் கையெழுத்துப் போட்டுப் பார்ப்பேன். கையெழுத்து எப்போதும்போல்தான் இருக்கும். அப்படியும் நம்பிக்கை வராது; மறுநாள் மவுஸ் துள்ளும்போது பயம் திரும்பிவிடும். தஞ்சாவூரில் ஒரு நரம்பு மருத்துவரிடம் நேரமும் வாங்கிவிட்டேன். அங்கே புத்தகக் கண்காட்சிக்குப் போகவேண்டும் என்று வீட்டில் ஒரு காரணம் சொல்லி வைத்தேன்.

ஒருநாள் அண்ணன் மகன் தன் கல்யாணப் படங்களைப் பிரதி எடுத்துக்கொள்ள என் ஹார்ட் டிஸ்க்கைக் கேட்டு வாங்கிப்போனான். மெய்ப்புக் கோப்புகள் எல்லாம் அதில்தான் இருக்கும். லேப்டாப்பில் எப்போதும் செருகியே கிடக்கும். நாள் முழுக்க ஏதாவது பிரதியாகிக்கொண்டே இருக்கும். அன்று மத்தியானம் அம்புக்குறி நான் சொன்ன இடத்தில் நின்றது. கை தேறிவிட்டது என்று ஒரு நிமிஷம் உண்மையாகவே நினைத்தேன். பிறகு நெட்டும் தேறியிருப்பதைக் கவனித்தேன். கைக்கும் நெட்டுக்கும் என்ன சம்பந்தம்?

டிஸ்க் திரும்பி வந்ததும் முதல்முறையாக ஒழுங்காகச் சோதித்தேன். ரௌட்டரின் முகவரி 192.168.1.1. லேப்டாப்பிலிருந்து அதற்கு "பிங்" கட்டளை கொடுத்தால், இங்கிருந்து ஒரு சின்னச் செய்தி ரௌட்டர்வரை போய்த் திரும்ப எவ்வளவு நேரமாகிறது என்று வரிசையாகக் காட்டும். வெளியே இணையம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கவலையில்லை. வீட்டுக்குள் நடப்பதை மட்டும் தனியாகப் பார்க்கலாம். டிஸ்க் இல்லாதபோது இரண்டு, மூன்று மில்லிவினாடி. டிஸ்க்கைச் செருகியதும் நூற்றுக்கணக்கில் ஏறியது. சில செய்திகள் திரும்பவே இல்லை. உருவினேன், இறங்கியது. லேப்டாப்பையும் நகர்த்தவில்லை, சுவரும் அங்கேயேதான் இருந்தது.

முன்பு கூடத்துக்குத் தூக்கிப்போனபோதெல்லாம் டிஸ்க்கை உருவிவிட்டுத்தான் தூக்கினேன். கடைக்குப் போனபோதும் டிஸ்க் வீட்டு மேஜையில்தான் கிடந்தது. ஒரே சமயத்தில் இரண்டை மாற்றிவிட்டு, கண்ணுக்குப் பெரிதாகத் தெரிந்த சுவரின்மேல் பழியைப் போட்டிருக்கிறேன்.

இது புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட விஷயமும் இல்லை. யூஎஸ்பி 3.0 இணைப்பு 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவிகளைக் குழப்பும் என்று இன்டெல் நிறுவனமே 2012இல் அறிக்கை வெளியிட்டிருக்கிறது. யூஎஸ்பி 3.0 வினாடிக்கு 500 கோடி பிட்டுகளை அனுப்புகிறது. ஒன்றும் சுழியும் மாறி மாறி வந்தால் இரண்டு பிட்டுக்கு ஓர் அலை. ஆக 250 கோடி அலை, அதாவது 2.5 கிகாஹெர்ட்ஸ். செருகும் வாயிலிருந்தும் ஒயரிலிருந்தும் கசியும் இந்த இரைச்சல் அக்கம்பக்கத்து அலைவரிசைகளிலும் பரவும். பழைய வைஃபையும் புளூடூத்தும் ஒயர் இல்லாத மவுஸும் குடியிருப்பது பக்கத்திலேயே, 2.4 முதல் 2.4835 கிகாஹெர்ட்ஸ்வரை. இந்தியாவில் 2005இல் உரிமம் தேவையில்லை என்று திறந்துவிட்ட அந்தச் சின்ன இடத்தில் மைக்ரோவேவ் அடுப்பும் சேர்ந்து இரைகிறது. டிஸ்க்கைச் செருகியதும் அங்கே இரைச்சல் 20 டெசிபெல், அதாவது சுமார் நூறு மடங்கு ஏறியதாக அந்த அறிக்கையில் இருக்கிறது. மவுஸ் தடுமாறுவதையும் அதில் எழுதியிருக்கிறார்கள். படித்தபோது எனக்கு வந்தது சிரிப்பா, எரிச்சலா என்று சொல்லத் தெரியவில்லை.

கல்யாண வீட்டில் தவிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர் நிலைதான் லேப்டாப்புக்கு. பந்தல் முனையில் இருப்பவர் எவ்வளவு கத்தினாலும் வாயசைவுதான் தெரியும். நெட் தடுமாறியபோதும் வைஃபைக் குறியில் கோடுகள் நிறைந்தே இருந்தன; அதன் சூட்சுமமும் இதுதான். அந்தக் கோடுகள் ரௌட்டரின் குரல் எவ்வளவு பலமாக வருகிறது என்று சொல்லும். பக்கத்துத் தவிலைப் பற்றி அவை வாயே திறக்காது. பழைய லேப்டாப்பில் இருந்ததோ யூஎஸ்பி 2.0. அதே டிஸ்க் அதில் மெதுவாக ஓடியது, தொல்லையும் தரவில்லை.

கூடத்தில் டிஸ்க்கோடு உட்கார்ந்திருந்தாலும் தப்பித்திருப்பேன் என்பது வேறு விஷயம். பக்கத்தில் இருந்தால் லேப்டாப் 5 கிகாஹெர்ட்ஸைப் பிடித்துக்கொள்ளும். அந்த அலைவரிசை வேகமானது. சுவர்களைத் தாண்டும்போது சோர்ந்துவிடும். அதனால் பின்னறைக்கு வந்ததும் லேப்டாப் சத்தமில்லாமல் 2.4க்கு இறங்கிவிடும். இரண்டுக்கும் ரௌட்டரில் ஒரே பெயர் என்பதால் இறங்கியது எனக்குத் தெரியாது. விண்டோஸ் அமைப்புகளில் வைஃபை விவரங்களைத் திறந்தால் எந்த அலைவரிசை, எந்த சேனல், என்ன வேகம் என்று எழுதியிருக்கும். அதை முதல் நாளே பார்த்திருக்கலாம்.

ரௌட்டரைப் பீரோவின் பின்னாலிருந்து எடுத்து முற்றத்துப் பக்கத்து உத்தரத்தில் மாட்டினேன். 5 கிகாஹெர்ட்ஸுக்குத் தனிப் பெயர் வைத்து, லேப்டாப்பை அதில் மட்டும் சேர்த்தேன். 2.4இல் மிச்சம் இருப்பவர்களுக்காக சேனலை 1இலிருந்து 11க்கு மாற்றினேன். ஒன்றன்மேல் ஒன்று ஏறாதவை 1, 6, 11 மூன்றுதான், எங்கள் தெருவில் பாதிப் பேர் 1இல் இருந்தார்கள். டிஸ்க்கை இடது பக்கம் தள்ளி வைத்தேன். மவுஸின் குட்டி ரிசீவரை ஒரு நீட்டிப்பு ஒயரில் செருகி வலது பக்கம் கொண்டுவந்தேன். எல்லாவற்றிலும் மலிவான வேலை அந்த ஒயர்தான். மவுஸைச் சரிசெய்தது அதுதான்.

மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "ஏம்ப்பா, முதல்லயே சொல்லியிருந்தா நான் பாத்திருக்க மாட்டேனா?" என்று கோபித்துக்கொண்டாள். கை விஷயத்தைக் கேட்டதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. மனைவிதான், "பேப்பர் பூரா கையெழுத்தாக் கெடந்துச்சு, நீங்க ஏதோ பேங்க் கடன் வாங்கப்போறீங்கன்னு நெனச்சேன்" என்றாள்.

வாங்கியிருந்த நேரத்தை ரத்து செய்யவில்லை. மனைவியையும் அழைத்துக்கொண்டு தஞ்சாவூர் போனேன். மருத்துவர் விரல்களைத் தட்டச் சொன்னார், நடக்கச் சொன்னார், கையில் ஒன்றுமில்லை என்றார். பிரஷர்தான் கொஞ்சம் கூடுதல் என்று ஒரு மாத்திரை எழுதிக்கொடுத்தார்.