எந்த இடத்தில் நிற்கிறீர்கள்?

6 ஜனவரி 2025, திங்கள்
மீளவிட்டான் தாண்டியதும் பைகளுக்குள்ளிருந்து புத்தகங்கள் வெளியே வந்துவிட்டன. தூத்துக்குடி–திருநெல்வேலி பாசஞ்சரில் சீசன் டிக்கெட்காரர்கள் நாங்கள் நாலு பேர் ஒரே பெட்டியில் உட்காருவது வழக்கமாகி ஒரு வருஷம் ஆகிறது. தமிழாசிரியர், சிமெண்ட் ஆலைத் தம்பி, நர்ஸ் பெண், நான்.

ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'யில் நாற்பது பக்கத்தோடு நின்றுவிட்டேன் என்று சொன்னேன். மெடான் நகரத்துத் தெருக்களும் வட்டிக்கடைகளும் பேச்சுகளும் ஒன்றோடொன்று கலந்து வருகின்றன. யார் யாரென்று பிடிபடவில்லை. ஆசிரியர் சிரித்தார். "தொங்கான் கடல்ல இறங்குற வரைக்கும் பொறுத்துக்கோங்கம்மா. அதுக்கப்புறம் புத்தகத்தை நீங்களே கீழ வைக்க மாட்டீங்க." சிங்காரம் இளவயதில் மெடானில் வேலை பார்த்தவர், ஊர் திரும்பி மதுரையில் பத்திரிகை அலுவலகத்தில் இருந்தவர் என்றும் சொன்னார். 1972-இல் வந்த புத்தகம். 'நல்ல நாவல், படிங்க' என்று மட்டும் சொல்லியிருந்தால் இன்றே மூடி வைத்திருப்பேன். இப்போது எனக்குக் காத்திருக்க ஒரு படகு இருக்கிறது.

7 ஜனவரி, செவ்வாய்
தம்பி கையில் பூமணியின் 'வெக்கை'. 2019-இல் 'அசுரன்' பார்த்துவிட்டு மூலக்கதையைத் தேடி வாங்கினானாம். இத்தனை வருஷம் கழித்து இப்போதுதான் பிரித்திருக்கிறான். சண்டையை எதிர்பார்த்துத் திறந்தவனைப் புத்தகம் வேறெங்கோ கூட்டிப்போய்விட்டது. கொலை செய்த பதினைந்து வயசுப் பையனும் அவன் அப்பாவும் காட்டிலும் மலையிலும் ஒளிந்து திரிகிற எட்டு நாள்தான் கதை. "அக்கா, அவங்க ஒளிஞ்சிருந்து சோறு பொங்குற இடத்துல நிக்கிறேன். எங்க அய்யா ஆடு மேய்க்கப் போனப்போ இப்படித்தான் பொங்குவாரு. இந்த வாசம் எனக்குத் தெரியும்." கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல்காட்டுப் பையன் அவன். பூமணிக்கும் அதே மண்தான். தாழையூத்தில் இறங்கும்போது பக்கத்துக்குள் விரலை விட்டபடியே இறங்கினான்.

ஒருவர் படித்து முடித்த புத்தகத்தைப் பற்றிக் கேட்டால் தீர்ப்புதான் கிடைக்கும். படித்துக்கொண்டிருக்கிற புத்தகத்தைக் கேட்டால் அந்த ஆளே கிடைக்கிறார். ஒரு வருஷமாக இவர்களோடு வருகிறேன், தம்பியின் அய்யா ஆடு மேய்த்தவர் என்று இன்றுதான் தெரிந்தது.

9 ஜனவரி, வியாழன்
நர்ஸ் பெண் கிளை நூலகத்திலிருந்து ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்' எடுத்து வந்திருக்கிறாள். நம் தூத்துக்குடி உப்பளங்களைப் பற்றிய நாவல். வீட்டுவரி ரசீதில் நூலக வரி என்று ஒரு வரி இருக்கிறதே, 1948-ஆம் வருஷச் சட்டத்திலிருந்து வருவது, அந்தக் காசு இப்படி ஒரு பழைய பைண்டு புத்தகமாக அவள் மடியில் கிடப்பதைப் பார்க்க நிறைவாக இருந்தது.

அவள் கதை சொல்வதே தனி அழகு. பொன்னாச்சி என்ற பெண் தம்பியோடு அளத்து வேலைக்குச் சேரும் இடத்தில் நிற்கிறேன் என்று ஆரம்பித்தவள், கண் கூசுகிற வெயிலையும் கால் புண்ணையும் சொல்லிக்கொண்டே போனாள். பனங்கிழங்கு விற்கிற ஆச்சி கூடையை இறக்கிவைத்துவிட்டு நின்று கேட்டாள். மணியாச்சியில் கூட்டம் ஏறியது, அவள் விற்கப் போகவில்லை.

"பொறவு அந்தப் புள்ள என்னளா ஆனா?"

"இன்னும் படிக்கல ஆச்சி. நாளைக்குச் சொல்றேன்."

13 ஜனவரி, திங்கள், போகி
இன்று ஆச்சி எங்களைத் தேடி வந்தாள். நர்ஸ் பெண் சொல்லச் சொல்ல, அவளும் சொல்ல ஆரம்பித்தாள். இருபது வருஷத்துக்கு மேல் அளத்தில் இருந்தவள் என்பது எங்களுக்குத் தெரியாது. வெயில் ஏறுமுன் வேலையை முடிக்க நடுச்சாமத்திலேயே எழுந்து போவது. மழைக்காலம் முடிந்ததும் பாத்தியில் வரிசையாக நின்று சேற்றை மிதித்து இறுக்குவது. "தரை இறுகலன்னா உப்புல மண்ணு ஏறிரும். மிதிச்சு மிதிச்சுத்தான் இந்தக் கால் இப்படி ஆச்சு." அப்புறம் உப்பு விளைந்தால் வாருவது, சுமப்பது. அந்த வெள்ளையைப் பார்த்துப் பார்த்தே கண் மங்கிப்போய், இந்தப் பக்கம் வந்துவிட்டாள்.

நர்ஸ் பெண் இரண்டு பக்கம் பின்னால் போய் மறுபடி வாசித்தாள். ஒன்றுமில்லாமல் தாண்டிவந்த வரிகளாம். ஆசிரியர் மூன்றாம் தடவையாகப் படித்துக்கொண்டிருக்கும் 'மோகமுள்' அவர் மடியில் விரித்தபடியே கிடந்தது.

அக்டோபரிலிருந்து மழைக்கு அளம் ஓய்ந்து கிடக்கிற மாதங்களில் அந்த வீடுகளில் என்ன பொங்குவார்கள் என்று, உப்பு ஜாடியைத் திறக்கிற நான் ஒருநாளும் நினைத்ததில்லை. இதை எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றியது, எழுதுகிறேன்.

20 ஜனவரி, திங்கள்
பொங்கல் விடுமுறை முடிந்தது. என் தொங்கான் கடலில் இறங்கிவிட்டது! புயல் அடிக்கிற பக்கங்களை நேற்று ராத்திரி ஒரே மூச்சில் படித்தேன். ஆசிரியரிடம் சொன்னபோது அவர் முகத்தில் வந்த சந்தோஷம், அவரே எழுதினதைப் பாராட்டியது போல இருந்தது. தம்பி 'வெக்கை'யை முடித்துவிட்டான். ஊருக்குக் கொண்டுபோய் அய்யாவுக்கு வாசித்துக் காட்டினானாம். அவர் என்ன சொன்னார் என்று கேட்டேன். "ஒண்ணும் சொல்லல. அடுத்த நாளும் வாசிக்கச் சொன்னாரு."

22 ஜனவரி, புதன்
நர்ஸ் பெண் கடைசிப் பக்கம் வரை சொல்லி முடித்தாள். நாளைக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டிய தவணை. ஆச்சி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு புத்தகத்தை வாங்கினாள். எழுதியவர் யார் என்று கேட்டாள். ஒரு பெண், முசிறியில் பிறந்தவர், எழுதப்போகும் மக்கள் இருக்கிற இடத்துக்கே போய்த் தங்கி, பேசி, பார்த்து எழுதுவார், 2014-இல் இறந்துவிட்டார் என்றோம்.

"அப்ப அளத்துக்கு வந்திருக்காகளா?"

"வந்திருக்காங்க ஆச்சி."

"எந்த வருசம்?"

புத்தகம் வந்தது 1979 என்றாள் நர்ஸ் பெண். ஆச்சி விரல்விட்டு எண்ணினாள். "அப்ப எனக்கு எட்டோ ஒம்பதோ. எங்கம்மா அளத்துல இருந்தா." அட்டையை வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தாள். "அவளைப் பாத்திருப்பாகளோ?"

கங்கைகொண்டான் வந்து போனது. எங்களில் யாரும் பேசவில்லை.

24 ஜனவரி, வெள்ளி
நூலகத்தில் மறுபடி தேதி முத்திரை போட்டு அதே புத்தகத்தை எடுத்து வந்திருக்கிறாள் நர்ஸ் பெண். ஆச்சி முதல் அத்தியாயத்தைக் கேட்கவில்லையே. இனிமேல் கதையாகச் சொல்லப்போவதில்லை, வரிவரியாக வாசிக்கப்போகிறாளாம். ஜன்னலோர இடத்தை ஆச்சிக்கு விட்டு நான் நகர்ந்து உட்கார்ந்தேன். கூடை காலடியில் இருந்தது.

"மெல்ல வாசிளா" என்றாள் ஆச்சி.